விழுக்காட்டுக் கணக்கு: ‘எதில்?’ என்று கேட்கப் பழக்குவோம்

சென்ற சனிக்கிழமை மாலை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். தேக்காவில் வாங்கி வந்த காய்கறிப் பைகள் மேசைமேல் அப்படியே இருந்தன. அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு, தொடக்கநிலை ஆறில் படிக்கும் அக்கா மகன் கணிதப் பயிற்சித்தாளோடு உட்கார்ந்திருந்தான். ஒரு கணக்கின் பக்கத்தில் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி.

கணக்கு இதுதான்: 9 விழுக்காடு பொருள் சேவை வரியைச் சேர்த்து ஒரு சைக்கிளின் விலை 218 வெள்ளி. வரி சேர்ப்பதற்கு முன்பு அதன் விலை என்ன?

அவன் 218 வெள்ளியில் 9 விழுக்காட்டைக் கண்டுபிடித்திருந்தான். 19 வெள்ளி 62 காசு. அதை 218லிருந்து கழித்து, விடை 198 வெள்ளி 38 காசு என்று எழுதியிருந்தான்.

“கால்குலேட்டர்ல ரெண்டு தடவை போட்டுப் பார்த்துட்டேன் சித்தி. எப்படித் தப்பாகும்?” என்று கேட்டான்.

அவன் கேட்டது நியாயம்தான். பெருக்கலும் சரி, கழித்தலும் சரி, காசுவரை சரி. தவறு கணிப்பானை எடுப்பதற்கு முன்பே நடந்துவிட்டது. அக்காவோ, “எனக்கு இதை வேற மாதிரி சொல்லிக்கொடுத்தாங்க. நான் சொன்னா, டீச்சர் அப்படிச் சொல்லலைன்னு சண்டைக்கு வர்றான். அதனால நான் பேசாம இருந்துடுறேன்,” என்றார்.

இப்படிப் பேசாமல் இருந்துவிடும் பெற்றோர் நம்மிடையே பலர். தமிழகத்தில் படித்துவிட்டு இங்கு வந்தவர்களும் உண்டு, இங்கேயே படித்தாலும் கணக்கு மறந்துபோனவர்களும் உண்டு. விழுக்காட்டுக் கணக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை. ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்காரலாம்.

தேர்வில் விழுக்காடு

தொடக்கநிலை ஐந்தில் விழுக்காடு அறிமுகமாகிறது. தள்ளுபடி, பொருள் சேவை வரி, ஆண்டு வட்டி போன்றவை அப்போதே வந்துவிடும். விழுக்காட்டு ஏற்றம், இறக்கம், பகுதியிலிருந்து முழுமையைக் கண்டுபிடிப்பது ஆகியவை அதற்கு அடுத்த படி. செப்டம்பர் இறுதியில் தொடங்கும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் எழுத்துத் தாள்களில் இவை கதைக் கணக்குகளாக வருகின்றன.

கணிதத் தேர்வுக்கு இரண்டு தாள்கள், மொத்தம் 100 மதிப்பெண். முதல் தாளில் கணிப்பானுக்கு இடமில்லை. இரண்டாம் தாளில் 2009ஆம் ஆண்டிலிருந்து கணிப்பான் அனுமதிக்கப்படுகிறது. அந்தத் தாளின் நீளமான கணக்குகளில் விடையோடு வழிமுறையையும் எழுதிக்காட்ட வேண்டும்.

2021ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த அடைவுநிலை முறையில் 90 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் ஏஎல் 1, 85 முதல் 89 வரை ஏஎல் 2, 80 முதல் 84 வரை ஏஎல் 3, 75 முதல் 79 வரை ஏஎல் 4. அடுத்து 65 முதல் 74 வரை ஏஎல் 5, 45 முதல் 64 வரை ஏஎல் 6, 20 முதல் 44 வரை ஏஎல் 7, அதற்கும் கீழே ஏஎல் 8. நான்கு பாடங்களின் நிலைகளையும் கூட்டினால் கிடைப்பது மொத்தப் புள்ளி. மிகச் சிறந்தது 4, ஆகக் கடைசி 32.

நான்கு மதிப்பெண் கணக்கு ஒன்றைக் கோட்டைவிட்டால் 65 எடுக்கவேண்டிய பிள்ளை 61க்கு இறங்கி, ஏஎல் 5லிருந்து ஏஎல் 6க்குப் போய்விடும். எல்லாருக்கும் இப்படி நேராது. ஆனால், எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளைக்கு ஒரு கணக்கு பெரிய விஷயம்தான்.

எதனுடைய ஒன்பது?

சைக்கிள் கணக்குக்குத் திரும்புவோம். ‘9 விழுக்காடு வரி’ என்கிறார்கள். எதில் 9 விழுக்காடு? வரி சேர்க்கப்படுவதற்கு முன்பிருந்த விலையில். அந்த விலை நமக்குத் தெரியாது, அதைத்தான் கேட்கிறார்கள். நமக்குத் தெரிந்த 218 வெள்ளி, வரியும் உள்ளே இருக்கும் தொகை. அதில் 9 விழுக்காடு எடுத்தால், வரிக்கும் சேர்த்து வரி போட்டதாகிவிடும்.

ஆகவே, முன்பிருந்த விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். வரி 9 பங்கு. இரண்டும் சேர்ந்தால் 109 பங்கு. அந்த 109 பங்குதான் 218 வெள்ளி. ஒரு பங்கு 2 வெள்ளி, 100 பங்கு 200 வெள்ளி. விடை 200.

சரிபார்ப்பது எளிது. 200 வெள்ளியில் 9 விழுக்காடு 18 வெள்ளி, சேர்த்தால் 218. பொருந்துகிறது. அக்கா மகனின் விடையை இப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தால் 198.38 வெள்ளியில் 9 விழுக்காடு ஏறத்தாழ 17.85 வெள்ளி, மொத்தம் 216.23. 218 வரவில்லை. தவறு இருப்பதை அவனே கண்டுபிடித்திருக்கலாம், அரை நிமிடம்தான் ஆகும்.

இந்த ‘எதில்?’ என்ற கேள்விக்கான விடையைக் கணிதத்தில் அடிப்படை மதிப்பு என்கிறோம். அதுதான் 100. ஏற்றமோ இறக்கமோ, பெரும்பாலும் மாற்றத்துக்கு முன்பிருந்த மதிப்பே அடிப்படை. ஒரு வகுப்பில் 40 மாணவர்கள் இருந்து 50 ஆனால், கூடியது 10. அடிப்படை 40. நாற்பதில் பத்து 25 விழுக்காடு. அதே வகுப்பு 50லிருந்து 40க்குக் குறைந்தால், குறைந்ததும் அதே 10தான். ஆனால் அடிப்படை 50 ஆகிவிட்டது. ஆகவே இறக்கம் 20 விழுக்காடு. ஏறிய படி 25, இறங்கிய படி 20 என்று வருவதைப் பார்த்துப் பிள்ளைகள் குழம்புவார்கள். பத்து பேர் மாறவில்லை, எதோடு ஒப்பிடுகிறோம் என்பது மாறிவிட்டது என்று சொன்னால் தெளிவாகும்.

‘விட’ கைகொடுக்கும்

கேள்வித்தாள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனாலும் தமிழ் பேசும் வீட்டில் ஒரு வசதி உண்டு. ‘முரளியிடம் வேணியைவிட 25 விழுக்காடு அதிக அஞ்சல்தலைகள் உள்ளன’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘விட’ என்ற சொல் யாருடைய பெயரோடு ஒட்டியிருக்கிறதோ, அவரே அடிப்படை. வேணிதான் 100. முரளி 125.

இனி எதிர்க்கேள்வி: வேணியிடம் முரளியைவிட எத்தனை விழுக்காடு குறைவு? இப்போது ‘விட’ முரளியோடு ஒட்டிக்கொண்டது. அடிப்படை 125. வித்தியாசம் 25. நூற்று இருபத்தைந்தில் இருபத்தைந்து, 20 விழுக்காடு. 25 என்று எழுதினால் தவறு.

ஆங்கில வாக்கியத்தில் ‘தேன்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வருவதே இந்த அடிப்படை. தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்க்கும் பிள்ளைக்கு ‘விட’ தானாகவே அதைச் சுட்டிக்காட்டிவிடும்.

இன்னோர் இடமும் கவனிக்கத்தக்கது. ‘இன்கிரீஸ்ட் பை’ என்பதும் ‘இன்கிரீஸ்ட் டு’ என்பதும் வெவ்வேறு. முதலாவது, எவ்வளவு கூடியது என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, கூடி எவ்வளவு ஆனது என்பதைச் சொல்கிறது. 80 வெள்ளி, 20 வெள்ளி கூடினால் 100. 80 வெள்ளி, 120 வெள்ளியாகக் கூடினால் 120. தமிழில் ‘ஆக’ என்ற ஒட்டு இந்த வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. அவசரமாகப் படிக்கும் கண்ணுக்கு ஆங்கிலத்தின் அந்தச் சின்னச் சொல் தப்பிவிடும். அதன் கீழே கோடிடப் பழக்குவது நல்லது.

பட்டை வரைவது எதற்கு?

நம் பிள்ளைகள் கணக்குக்கு முன்னால் செவ்வகப் பட்டைகளை வரைவதைப் பார்த்திருப்பீர்கள். ‘மாடல்’ என்று சொல்வார்கள். இது சிங்கப்பூரிலேயே உருவான வழக்கம். 1980ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட சிங்கப்பூர்ப் பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகத்தில், டாக்டர் கோ டெக் ஹொங் தலைமையிலான தொடக்கநிலைக் கணிதக் குழு 1980களில் இந்த முறையை வகுத்தது. கதைக் கணக்கைப் படித்ததும் எண்களைப் பிடித்துக் கூட்டிக் கழிக்கத் தொடங்கும் மாணவர்களுக்கு, எது எதோடு எப்படித் தொடர்புபடுகிறது என்று கண்ணுக்குக் காட்டுவதே நோக்கம்.

1995ஆம் ஆண்டின் ‘டிம்ஸ்’ அனைத்துலகக் கணித, அறிவியல் ஆய்வில் சிங்கப்பூர் கணிதத்தில் முதலிடம் பிடித்தது. அதன்பின் இந்தப் பட்டைமுறை அமெரிக்கா உட்பட மற்ற நாடுகளுக்கும் ‘சிங்கப்பூர்க் கணிதம்’ என்ற பெயரில் போய்ச் சேர்ந்தது. 2023ஆம் ஆண்டின் ஆய்விலும் கணிதத்தில் முதலிடம் நமக்குத்தான்.

அக்காவுக்குத் தெரிந்த முறை வேறு. 109 பங்கு 218 என்றால் ஒன்று எவ்வளவு, நூறு எவ்வளவு என்று ஒன்றின் மதிப்பைக் கண்டு பெருக்குவது. பட்டையிலும் நடப்பது அதுவேதான். ஒரு நீளப் பட்டையை வரைந்து 100 என்று எழுதி, அதன் வாலில் சிறிய 9ஐ ஒட்டி, முழு நீளத்துக்கு 218 என்று குறித்தால், ஒன்றின் மதிப்பு கேட்காமலேயே வந்துவிடும். ‘நீ வரை, நான் வாயால் சொல்கிறேன், ரெண்டும் ஒண்ணுதானா பார்ப்போம்’ என்று பெற்றோர் உட்கார்ந்தால் சண்டைக்கு இடமில்லை. எழுத்தைக்கொண்டு எழுதும் எளிய இயற்கணிதமும் தொடக்கநிலை ஆறின் பாடத்தில் இருக்கிறது. அம்மா போடும் எக்ஸ் ஒன்றும் அந்நியமில்லை.

கூட்டக்கூடாத விழுக்காடுகள்

லிட்டில் இந்தியாவில் குளிர்சாதன உணவகம் ஒன்றில் குடும்பத்தோடு சாப்பிடுகிறீர்கள். விலைப்பட்டியலில் ‘பிளஸ் பிளஸ்’ என்று போட்டிருக்கிறது. முதல் பிளஸ் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், இரண்டாவது 9 விழுக்காடு பொருள் சேவை வரி. பொதுவாகக் கடைகள் வரியையும் சேர்த்த விலையைத்தான் காட்டவேண்டும். சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு.

சாப்பாடு 100 வெள்ளி என்றால் கட்டவேண்டியது எவ்வளவு? 119 வெள்ளி என்று சொல்பவர்களே அதிகம். ரசீதில் 119 வெள்ளி 90 காசு இருக்கும். 100 வெள்ளிக்குச் சேவைக் கட்டணம் 10, ஆகவே 110. வரி அந்த 110க்கு. அதில் 9 விழுக்காடு 9 வெள்ளி 90 காசு. அந்த 90 காசு, சேவைக் கட்டணத்துக்கான வரி. இரண்டாவது விழுக்காட்டின் அடிப்படை மாறிவிட்டது. அதனால் பத்தையும் ஒன்பதையும் கூட்டக்கூடாது.

தள்ளுபடியிலும் இதே கதை. ‘20 விழுக்காடு தள்ளுபடி, உறுப்பினருக்கு மேலும் 10 விழுக்காடு’ என்றால் 30 விழுக்காடு கிடைக்காது. 100 வெள்ளி, 80 ஆகிறது. 80இல் 10 விழுக்காடு 8. கட்டவேண்டியது 72. மொத்தத் தள்ளுபடி 28 விழுக்காடு.

பெரிய எண்களில் வேறுபாடும் பெரிதாகும். நம் நாட்டின் மொத்த மக்கள்தொகை 2000ஆம் ஆண்டில் சுமார் 4.03 மில்லியன், 2010ல் 5.08 மில்லியன், 2020ல் 5.69 மில்லியன். முதல் பத்தாண்டில் கூடியது 1.05 மில்லியன். அதை 4.03ஆல் வகுத்தால் ஏறத்தாழ 26 விழுக்காடு. இரண்டாவது பத்தாண்டில் கூடியது 0.61 மில்லியன். அதை வகுக்கவேண்டியது 5.08ஆல், ஏறத்தாழ 12 விழுக்காடு. இருபது ஆண்டுகளில் எவ்வளவு? இருபத்தாறும் பன்னிரண்டும் 38 என்று சொல்லத் தோன்றும். 1.66ஐ 4.03ஆல் வகுத்துப் பாருங்கள், 41 விழுக்காடு. இரண்டாவது பத்தாண்டின் 12 விழுக்காடு, முதல் பத்தாண்டில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் உள்ளடக்கிய தொகைமீது கணக்கிடப்பட்டது. அந்த 3 விழுக்காடு அங்கிருந்துதான் வருகிறது.

பெருக்கினால் நேராக வரும். 1.26ஐ 1.12ஆல் பெருக்கினால் 1.41. தொடர்ச்சியாக வரும் ஏற்ற இறக்கங்களைப் பெருக்க வேண்டும் என்பது பிள்ளைகள் உயர்நிலையில் கூட்டு வட்டி படிக்கும்போதும் உதவும்.

மாறாதது எது?

தேர்வில் அதிகம் மிரட்டும் வகை ஒன்றைப் பார்ப்போம். இது என் சொந்தக் கணக்கு.

ஒரு தமிழ் மன்றத்தில் 40 விழுக்காட்டினர் மாணவர்கள், மற்றவர்கள் மாணவிகள். 12 மாணவர்கள் புதிதாகச் சேர்ந்ததும் மாணவர்களின் விழுக்காடு 50 ஆனது. முதலில் மன்றத்தில் எத்தனை பேர்?

அவசரப்பட்டால், 40 ஐம்பதானது, கூடியது 10, 10 விழுக்காடு 12 பேர், ஆக மொத்தம் 120 பேர் என்று வந்துவிடும். தவறு. நாற்பது பழைய கூட்டத்தில், ஐம்பது புதிய கூட்டத்தில். அடிப்படை வெவ்வேறாக இருக்கும்போது கழிக்கக்கூடாது.

இங்கே கேட்கவேண்டியது, ‘மாறாதது எது?’ மாணவிகள். ஒருவர்கூடக் கூடவில்லை, குறையவில்லை. முதலில் மொத்தம் 100 பங்கு என்றால் மாணவர்கள் 40 பங்கு, மாணவிகள் 60 பங்கு. பின்னர் இரு பக்கமும் பாதிப் பாதி. மாணவிகள் அதே 60 பங்கு, ஆகவே மாணவர்களும் 60 பங்கு. மாணவர்களில் கூடியது 20 பங்கு, அதுதான் 12 பேர். 100 பங்கு 60 பேர்.

சரிபார்ப்போம். 60 பேரில் 24 மாணவர்கள், 36 மாணவிகள். 12 பேர் சேர்ந்தால் 36, 36. பாதிப் பாதி.

அதே 12 பேரை மூன்று விதமாகச் சொல்லலாம். மாணவர் எண்ணிக்கை 24லிருந்து 36 ஆனதால் 50 விழுக்காடு ஏற்றம். மன்றத்தின் மொத்த எண்ணிக்கை 60லிருந்து 72 ஆனதால் 20 விழுக்காடு ஏற்றம். மன்றத்தில் மாணவர்களின் பங்கு 40லிருந்து 50 ஆனதால் 10 விழுக்காட்டுப் புள்ளி ஏற்றம். மூன்றும் உண்மை. எதை அடிப்படையாக வைத்தோம் என்பதைச் சொல்லாவிட்டால் கேட்பவர் எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்வார்.

இரண்டு பக்கமும் மாறினால்?

மாறாதது எதுவுமே இல்லாத கணக்கும் வரும். சென்ற ஆண்டு ஒரு நிகழ்ச்சிக்குப் பெரியவர்களும் சிறுவர்களுமாக 500 பேர் வந்தார்கள். இவ்வாண்டு பெரியவர்கள் 20 விழுக்காடு கூடினார்கள், சிறுவர்கள் 10 விழுக்காடு குறைந்தார்கள். மொத்தம் 540 பேர். சென்ற ஆண்டு வந்த சிறுவர்கள் எத்தனை பேர்?

எல்லாரும் 20 விழுக்காடு கூடியதாக வைத்துக்கொண்டால் 500, 600 ஆகியிருக்கும். உண்மையில் 540தான். 60 பேர் குறைகிறார்கள். ஏன்? சிறுவர்களை 120 விழுக்காடு என்று எண்ணிவிட்டோம், அவர்கள் 90 விழுக்காடுதான். அந்த 30 விழுக்காட்டு வித்தியாசம்தான் 60 பேர். 10 விழுக்காடு 20 பேர், 100 விழுக்காடு 200 பேர். சிறுவர்கள் 200, பெரியவர்கள் 300.

சரிபார்த்தால், பெரியவர்கள் 360, சிறுவர்கள் 180, மொத்தம் 540.

கவனியுங்கள், கூடிய 20ஐயும் குறைந்த 10ஐயும் சேர்த்து ‘10 விழுக்காடு ஏற்றம்’ என்று யாரும் சொல்லிவிட முடியாது. இங்கு மொத்த ஏற்றம் 8 விழுக்காடு. பெரியவர்களும் சிறுவர்களும் எந்த அளவில் கலந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும்.

செய்தியிலும் இதே கணக்கு

பொருள் சேவை வரி 1994ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3 விழுக்காடாகத் தொடங்கியது. 2003ல் 4, 2004ல் 5, 2007ல் 7, 2023 ஜனவரியில் 8, 2024 ஜனவரியில் 9 என்று ஏறியது. கடைசி ஏற்றத்தை எப்படிச் சொல்வது? வரி விகிதம் ஒரு விழுக்காட்டுப் புள்ளி ஏறியது. நாம் கட்டும் வரித்தொகையைப் பார்த்தால், எட்டில் ஒரு பங்கு கூடியது, அதாவது 12.5 விழுக்காடு. கடையில் கொடுக்கும் மொத்த விலையைப் பார்த்தால் 108 வெள்ளி 109 ஆனது, ஏற்றம் ஒரு விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு.

பெரிதாகக் காட்ட விரும்புபவர் 12.5 என்பார், சிறிதாகக் காட்ட விரும்புபவர் ஒன்று என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. சைக்கிள் கணக்கில் ‘எதில்?’ என்று கேட்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, நாளை செய்தியைப் படிக்கும்போதும் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதும் அதே கேள்வியைக் கேட்கும்.

கணக்கு நமக்குப் புதிதல்ல

கதைக் கணக்கைப் பார்த்து நம் பிள்ளைகள் பயப்படுவது ஒரு வகையில் வேடிக்கைதான். காரி நாயனாரின் ‘கணக்கதிகாரம்’ என்ற தமிழ் நூல் முழுவதும் செய்யுளில் சொல்லப்பட்ட கணக்குகள். பலாப்பழத்தை அறுக்காமலேயே அதற்குள் எத்தனை சுளைகள் என்று மதிப்பிடும் வழிகூட அதில் உண்டு. ‘விழுக்காடு’ என்ற சொல்லுக்கும் பங்கு, வீதம் என்ற பொருள்கள் உண்டு. நூறு பங்காக வைத்து, நம் பங்கு எத்தனை என்று கேட்பதே விழுக்காட்டுக் கணக்கு.

உதவி கேட்க இடமும் இருக்கிறது. இந்திய மாணவர்களின் கல்வி நிலை குறித்த அக்கறையில் 1991ஆம் ஆண்டு உருவானது சிண்டா. பியட்டி சாலையில், லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில் அதன் அலுவலகம் இருக்கிறது. ‘ஸ்டெப்’ எனப்படும் அதன் துணைப்பாட வகுப்புகள் 1992ஆம் ஆண்டிலிருந்து நடக்கின்றன. தனியார் துணைப்பாடத்துக்குச் செலவழிக்க முடியாத குடும்பங்கள் தயங்காமல் விசாரிக்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியது இன்னும் எளிது. கணக்கைப் போட்டுக்கொடுக்க வேண்டாம். மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். எதில் இத்தனை விழுக்காடு? மாறாதது ஏதாவது இருக்கிறதா? விடையைத் திருப்பிப் போட்டால் கேள்வியில் உள்ள எண் வருகிறதா? பதில் தெரியாத பெற்றோரும் இந்த மூன்றையும் கேட்கலாம். வாரம் ஒருமுறை ஒரு ரசீதைப் பிள்ளையிடம் நீட்டி, வரிக்கு முன் எவ்வளவு என்று கேட்டாலே பயிற்சி ஆகிவிடும்.

அன்று மாலை அக்கா பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்துக் கொடுத்தார். அவன் ஒரு நீளப் பட்டை வரைந்து, வாலில் 9 என்று எழுதி, 109ஆல் வகுத்து, ரசீதின் அடியில் இருந்த வரித் தொகையோடு ஒப்பிட்டான். காசுவரை பொருந்தியது. “சரியாதான் போட்டிருக்காங்க,” என்றான், கடையையே திருத்தியவன்போல.

வாசகர்களுக்கும் ஒரு கணக்கு. ஒரு கடையில் சேலையின் விலையை 25 விழுக்காடு ஏற்றினார்கள். மறுநாள் ‘20 விழுக்காடு தள்ளுபடி’ என்று பலகை மாட்டினார்கள். வாங்குபவருக்கு லாபம் எவ்வளவு? 100 பங்கு 125 ஆனது. 125இல் 20 விழுக்காடு 25. மறுபடி 100. லாபம் ஒரு காசுகூட இல்லை.